தவ்பா

பாவமன்னிப்பு என்றே தமிழில் இதற்குப் பொருள் சொல்லிப் பழகிவிட்டோம். அரபு மூலத்தில் ‘தாப’ என்றால் திரும்பினான், தவ்பா, திரும்புதல். அரமேயத்திலும் இதே வேர் உண்டு. எபிரேயத்தின் ‘தெஷுவா’ இதற்கு உறவு. குர்ஆனின் 9ஆம் அத்தியாயத்துக்கு இதுவே பெயர். அடியான் இறைவன்பால் திரும்புவதற்கும், இறைவன் அருளோடு அடியான்மேல் திரும்புவதற்கும் அங்கே வினை ஒன்றுதான்; இடைச்சொல் மட்டுமே மாறும். ஆகவே ‘தவ்வாப்’ இறைவனின் திருநாமங்களில் ஒன்று.

தீய பேச்சும் தீச்செயலும் இன்றி ஹஜ் முடித்தவர் பாவம் நீங்கி, அன்று பிறந்த குழந்தைபோல் திரும்புகிறார் என்கிறது புகாரியில் உள்ள நபிமொழி. அதன்பின் ஹாஜியார் தவறினால்? செய்த ஹஜ் செல்லாமல் போய்விடாது, மறுபடி தவ்பாதான். பாவத்தை விடுவது, வருந்துவது, இனிச் செய்யேன் என உறுதிகொள்வது என்று மூன்று நிபந்தனைகளை எழுதிய இமாம் நவவி, பிறர் உரிமை சம்பந்தப்பட்டால் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்: உரியவரிடம் அதைத் தீர்க்க வேண்டும். நம்மூரில் பலர் வசதியாக மறப்பது இதைத்தான். அடுத்தவரிடம் பட்ட கடன் ஹஜ்ஜால் அடைபடாது.