கோஸியுஸ்கோவின் மரண சாசனம்

அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் வாஷிங்டன் பெயரையே நாம் உரைப்போம். போலந்திலிருந்து சென்று அப்போரில் உழைத்த கோஸியுஸ்கோ என்பாரை நம்மவர் அறிவது அரிது.

1746-இல் பிறந்த அவர், பாரிஸ் நகரில் அரண் அமைக்கும் கலை பயின்று, 1776-இல் அமெரிக்கா சேர்ந்தார். மறு ஆண்டு சரட்டோகாவில் ஆங்கிலப் படை சரணடைந்ததற்கு, பீமிஸ் குன்றில் அவர் அமைத்த காப்பரண்கள் பெருந்துணையாயின. 1794-இல் தாய்நாட்டில் ரஷ்யரை எதிர்த்தெழுந்தபொழுது, புல்லறுக்கும் அரிவாளுடன் வந்த குடியானவரையும் படையிற் சேர்த்தார். பண்ணையடிமைகளின் கட்டாய வேலையைக் குறைத்து ஆணையும் பிறப்பித்தார். தோற்றுச் சிறைப்பட்டு, விடுதலையான பின் 1797-இல் மீண்டும் அமெரிக்கா சென்றார்.

நாம் கருதத்தக்கது இதன்பின் நிகழ்ந்ததேயாம். 1798-இல் அந்நாட்டை நீங்குமுன் அவர் ஒரு மரண சாசனம் எழுதினார். அங்குள்ள தம் பொருளைக் கொண்டு கறுப்பின அடிமைகளை விலைக்கு வாங்கி விடுவித்து, கல்வியும் அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நிறைவேற்றும் பொறுப்பை நண்பர் ஜெபர்சனிடமே ஒப்படைத்தார். ஜெபர்சனுடைய அடிமைகளையே வாங்கலாம் என்றும் குறித்தார். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டோர் என்று 1776-இல் எழுதிய அதே ஜெபர்சன், நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளுக்கு எஜமானராயிருந்தார்!

1817-இல் கோஸியுஸ்கோ சுவிட்ஸர்லாந்தில் மாண்டார். ஜெபர்சன் தமது முதுமையைக் கூறிப் பொறுப்பைத் துறந்தார். முதுமை பொய்யன்று, ஆயினும் அதுவே முழுக் காரணம் என நாம் நம்புகின்றிலோம். 1826-இல் அவரும் இறக்க, மறு ஆண்டு அவர்தம் பண்ணை அடிமைகள் கடனுக்காக ஏலம் விடப்பட்டனர். கோஸியுஸ்கோவின் பணமோ நெடுங்காலம் வழக்கிற் கிடந்து, 1852-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அவருடைய உறவினரைச் சேர்ந்தது. அப்பணத்தால் ஓர் அடிமையும் விடுவிக்கப்படவில்லை.