சுபத்துக்குப் பிறகு

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கதாநாயகியின் துன்பங்களைத் தீர்த்து, கழுத்தில் மாலையும் விழச் செய்து, 'சுபம்' என்று போட்டுவிட்டால் எங்கள் வேலை முடிந்தது. அப்புறமும் அவள் இன்பமாக இருந்தாளா என்று எந்த வாசகரும் எங்களைக் கேட்பதில்லை. சரித்திரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையைப் பாருங்கள். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். மாணவர்களின் பெற்றோர் ஆட்சேபித்தும், சமஸ்தானத்து மகாராஜாவின் ஆதரவால் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914-இல் திருமணம். நானாக இருந்தால் இந்த இடத்தில் 'சுபம்' போட்டிருப்பேன்.

ஆனால் அவருடைய அருமைத் தங்கை புற்றுநோயால் மாண்டார். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற இயலவில்லை. பட்டமும் பதவியும் தரும் இன்பம் எவ்வளவு மெலிந்தது என்பதை இப்படிப்பட்ட ஒரு சாவு காட்டிவிடுகிறது, அல்லவா?

விதியென்று அவர் ஓய்ந்திருக்கவில்லை. அந்த நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை காண வேண்டும் என்று உறுதிகொண்டார். இடையில் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகி, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். 1930-இல் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் துறந்தார். போக்கிடமற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் கண்டார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியதோ 1947-இல்!

"17 ஆண்டுகள் காத்திருப்பதா இன்பம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆசைப்பட்ட பொருள் கைக்கு வந்த மறுநாளே பழசாகிவிடுகிறது. அதனால் வந்த மகிழ்ச்சியும் அதோடு போய்விடுகிறது. எடுத்துக்கொண்ட காரியமோ பழசாவதில்லை. துக்கம் நிறைந்த இரவுக்குப் பிறகும், 'எழுந்திரு, வேலை இருக்கிறது' என்று அது கதவைத் தட்டுகிறது. துயரமே அண்டாத வாழ்வை இன்பம் என்றால் அது யாருக்கும் வாய்க்காது. துயரம் வந்தாலும் மனிதரைச் சாய்ந்துவிடாமல் நிறுத்தும் நிறைவைத்தான் நிலையான இன்பம் என்று நான் கருதுகிறேன்.

1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67. 1968-இல் அவர் மறைந்தார். மருத்துவமனை வளர்ந்து நிற்கிறது. தம் தங்கைக்குக் கிடைக்காத படுக்கையிலிருந்து, யாரோ ஒருவருடைய தங்கை குணமாகி எழுந்து வீட்டுக்குப் போகிறாள்.