மலையேற்றக் குழுத்தலைவர்: அனுபவம் தகுதியான வரலாறு

மலையேற்றக் குழுத்தலைவர் என்பவர் பிறரை மலைப்பாதையில் அழைத்துச் சென்று பாதுகாப்பாகத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பை ஏற்பவர். இதற்கு எவ்வளவு அனுபவம் வேண்டும் என்பதற்கான விதிகள் கடந்த 70 ஆண்டுகளில் உருவானவை. அவற்றுள் சில உயிரிழப்புகளுக்குப் பின் வந்தவை.

பிரிட்டன்

பிரிட்டனில் 1964-ல் மலைவழித் தலைவர்களுக்கான பயிற்சி முறை தொடங்கியது. 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலையில் பனிப்புயலில் சிக்கி, எடின்பரோ மாணவர்கள் ஐவரும் பயிற்சி நிலையில் இருந்த வழிகாட்டி ஒருவரும் இறந்தனர். தலைவர்களின் தகுதி பற்றிய விவாதம் அதன்பின் வலுத்தது. இன்று அங்கு பயிற்சியில் சேர 20 மலைநாட்களும், இறுதி மதிப்பீட்டுக்கு 40 மலைநாட்களும் குறிப்பேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். பழகிய பாதையிலேயே திரும்பத் திரும்ப நடப்பது போதாது. புதிய இடத்தில், வரைபடம் பார்த்து, தானும் திட்டமிட்டு நடந்த நாட்களே மதிப்புள்ளவை.

இந்தியா

டார்ஜிலிங்கில் 1954-ல் இமயமலை மலையேற்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. எவரெஸ்ட் ஏறிய டென்சிங் நார்கே அதன் முதல் களப்பயிற்சி இயக்குநர். உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் 1965-ல் உருவானது. அங்கு 28 நாள் அடிப்படைப் பயிற்சியில் 'ஏ' தரம் பெற்றவரே மேல்நிலைப் பயிற்சிக்குச் செல்லலாம். பயிற்றுநர் பயிற்சி அதற்கும் அடுத்த படி.

குரங்கணிக்குப் பின்

பனிமலைப் பயிற்சி மட்டும் தமிழ்நாட்டுக் காடுகளுக்குப் போதாது. யானைத் தடம், நீர் கிடைக்கும் இடம், கோடையில் காய்ந்த புல் ஆகியவற்றையும் தலைவர் அறிந்திருக்க வேண்டும். காய்ந்த புற்சரிவில் தீ மேல்நோக்கி வேகமாகப் பரவும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளுடன் தொடங்கியது. காட்டை அறிந்த உள்ளூர் இளைஞர்களும் பழங்குடியினரும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாயினர்.

திருவள்ளூர் மாவட்டம்

ஆரணி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தினர் அனுபவம் சேர்க்கத் தொடங்க ஏற்ற பாதை, இத்திட்டத்தில் உள்ள குடியம் குகைப் பாதை. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டறிந்த அத்திரம்பாக்கமும் இதே மாவட்டத்தில்தான் உள்ளது. உயரம் குறைவு என்றாலும் முட்புதர்க் காட்டில் வெயில் கடுமையானது. தண்ணீரைக் கணக்கிடுவது, குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகத்துக்கு ஏற்ப நடப்பது, எப்போது திரும்ப வேண்டும் என்று முடிவெடுப்பது ஆகியவற்றை இங்கேயே பழகலாம்.