இலையை வார்ப்பதும் தோலைப் பயில்வதும்

நெகிழும் அழுத்த உணரிகளின் அண்மை வரலாற்றில் 2010ஆம் ஆண்டு ஒரு திருப்பம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செனான் பாவோவின் குழு, சிலிக்கோன் ரப்பரில் நுண்பிரமிடுகளை வரிசையாக வார்த்து, இரு மின்முனைகளுக்கு நடுவே வைத்து மின்தேக்கியாக்கியது. 3 பாஸ்கல் அழுத்தத்தையும் அது உணர்ந்தது. ஓர் ஈயின் எடைகூடப் பதிவானது.

மாறியது பொருளல்ல, மேற்பரப்பு. ரப்பரின் கன அளவு அழுத்தத்தால் ஏறக்குறைய மாறுவதில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கியாக வேண்டும். மின்முனைகளுக்கு நடுவே இறுகிய சமதளப் படலத்தில் அதற்கு இடமில்லை. பிரமிடுகளின் இடைவெளியில் காற்று இருப்பதால் கூர்முனைகள் எளிதில் நசுங்குகின்றன, விரைவில் மீள்கின்றன.

அத்தகைய பிரமிடு அச்சுக்குத் தூய்மை அறையும் சிலிக்கன் அரிப்பும் தேவை. இலைகளிலோ நுண்மேடுகள் விலையின்றிக் கிடைக்கின்றன. 2015இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு தொட்டாற்சிணுங்கி இலையை அச்சாக்கியது. இலைமேல் திரவ ரப்பரை ஊற்றி, இறுகியபின் உரித்தால் பள்ளங்கள் பதிந்திருக்கும். அதிலிருந்து மறுபடி வார்த்தால் இலையின் மேடுகள் திரும்பும். மெல்லிய தங்கம் பூசிய அந்த மேடுகள், அழுத்தம் கூடக்கூட எதிர்ப்பரப்பை அதிகமாகத் தொடும், மின்தடை குறையும். எட்டிய உணர்திறன் கிலோபாஸ்கலுக்கு 50.17.

எண் வியக்கத்தக்கது, ஆனால் அந்தப் பெருமை செடியின் தொடு உணர்வைச் சேருமா? தொட்டாற்சிணுங்கி சுருங்குவது இலைக்காம்பின் அடிமுண்டிலுள்ள செல்கள் நீரை இழப்பதால். இலைப்பரப்பின் மேடுகள் அந்த அசைவை இயக்குவதில்லை. பிறர் அச்சாக்கிய தாமரை இலையின் மேடுகளும் நீரை ஒட்டவிடாமல் வைப்பவை. இலை நல்ல, மலிவான அச்சு. உணரும் முறையை அது கற்பிக்கவில்லை. 50.17 என்ற எண்ணும் மிக மெல்லிய அழுத்தங்களுக்கே பொருந்தும். மேடுகள் ஏறத்தாழ ஒரே உயரமாக இருந்தால் எல்லாம் சேர்ந்தே நசுங்கும். அதன்பின் உணர்திறன் சரியும். இலைக்கு இலை மேடுகளும் மாறும், ஆகவே ஒரே தரத்தில் ஆயிரம் உணரிகள் செய்வது கடினம்.

மனிதத் தோல் வேறு வகை ஆசான், ஏனெனில் அதன் வேலையே உணர்வது. மேல்தோலும் உள்தோலும் மேடுபள்ளங்களாகக் கோத்துக்கொள்ளும் இடங்களில் தகைவு குவிகிறது. 2014இல் தென்கொரிய ஆய்வாளர்கள் அதைப் பின்பற்றி, ஒன்றோடொன்று பூட்டிய நுண்குமிழ்களை அமைத்தனர். 2018இல் சிங்ஹுவா பல்கலைக்கழகம் தோலின் ஒழுங்கற்ற மேடுகளைப் பெற அச்சாகத் தேர்ந்தது சாதாரண உப்புத்தாளை. கிராஃபீன் பூசிய அந்த உணரியின் உணர்திறன் கிலோபாஸ்கலுக்கு 25.1தான், எனினும் 2.6 கிலோபாஸ்கல் வரை நேர்கோட்டில் நிலைத்தது. உயர்ந்த மேடு நசுங்கும்போது குட்டை மேடு தொடர்பில் சேர்வதே காரணம். மருத்துவருக்கு நம்பத்தக்க அளவீடு வேண்டுமெனில், இந்த நேர்கோடு உச்ச எண்ணைவிட மதிப்புமிக்கது.

எனவே எந்த அழுத்த எல்லைக்குள் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் உணர்திறனை மட்டும் தலைப்பில் ஏற்றும் வழக்கத்தை ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது. மணிக்கட்டின் நாடித்துடிப்பு சில கிலோபாஸ்கலுக்குள் அடங்கும். நடப்பவரின் உள்ளங்காலில் அழுத்தம் நூற்றுக்கணக்கான கிலோபாஸ்கலாக ஏறும். இரண்டுக்கும் ஒரே மேடு போதாது. 2020இல் சீனாவின் ஷென்ஜென் ஆய்வாளர்கள் மீண்டும் உப்புத்தாளையே அச்சாகக் கொண்டு, நசுங்கும் மேடுகள் மடிந்து நுழைய அருகிலேயே பள்ளங்கள் விட்டனர். அந்த உணரி 360 கிலோபாஸ்கல் வரை செயல்பட்டது.