மலையக மாணவரும் பொறியியற் பீட அனுமதியும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் நீர்மின் உற்பத்தி வரலாற்றிற் பெரும்பகுதி நுவரெலியா மாவட்டத்தின் வரலாறாகும். மஸ்கெலியாப் பகுதியின் ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதனைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். 1950 இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1960 களில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. தலவாக்கலையில் அணை கட்டி அமைக்கப்பட்ட மேல் கொத்மலைத் திட்டம் 2012 இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. இவற்றுக்கு முன்னரே தேயிலைத் தொழிற்சாலை ஒவ்வொன்றிலும் கொழுந்தை உருட்டும் இயந்திரமும் உலர்த்தும் அடுப்பும் இடைவிடாது இயங்கின. இத்துணைப் பொறியியற் சாதனங்களின் நடுவே லயங்களில் வாழ்ந்த சமூகத்திலிருந்து பொறியியலாளராக வெளிவந்தோர் நெடுங்காலம் மிக அரிதாகவே இருந்தனர். இந்நிலைக்கான காரணத்தைப் பல்கலைக்கழக அனுமதி விதிகளில் மட்டும் தேடுவோர் பாதி விடையையே பெறுவர். மறுபாதி விடை, அவ்விதிகள் எத்தகைய பாடசாலைகளின் மீது சென்று விழுந்தன என்பதில் அடங்கியுள்ளது.

தோட்டப் பாடசாலையின் எல்லை

தோட்டப் பிள்ளைகளின் கல்வி தொடக்கத்திலிருந்தே நாட்டின் பொதுக் கல்வியமைப்புக்குப் புறம்பாக வளர்ந்தது. 1907 ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும், 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பினைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தின. கூலிக்கு ஆள் தேவைப்பட்ட நிருவாகமே அப்பிள்ளைகளின் கல்விக்கும் பொறுப்பாகியது. எழுத்து, வாசிப்பு, எண் என்பவற்றுக்கு அப்பால் அக்கல்வி செல்லவில்லை. பெரும்பாலான பாடசாலைகள் ஓராசிரியர் பாடசாலைகளாகவே இருந்தன. ஐந்தாம் வகுப்புக்கு மேற் கற்க விரும்பிய பிள்ளை தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

1945 இல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் தோன்றி, ஏழைக் குடும்பங்களிலிருந்தும் மருத்துவரும் பொறியியலாளரும் உருவாக வழி பிறந்தது. தோட்டப் பாடசாலைகளோ தோட்ட நிருவாகத்தின் கையிலேயே தொடர்ந்திருந்தன. ஹற்றனில் 1892 இல் மெதடிஸ்த மிஷனால் நிறுவப்பட்ட ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற நகரப் பாடசாலைகள் சிலவே உயர் வகுப்புகளுக்கு வழிகாட்டின. அவற்றை எட்டிப்பிடித்தோருட் பலர் கங்காணி, கணக்கப்பிள்ளை, கடைக்காரர் ஆகியோரின் பிள்ளைகளாவர். மலைச்சரிவின் உச்சியிலுள்ள லயத்திலிருந்து நகரத்துக்கு நாள்தோறும் சென்று வருவது தொழிலாளியின் பிள்ளைக்கு இயலாததாயிருந்தது.

வாக்குரிமையும் ஆய்வுகூடமும்

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் விளைவுகள் அரசியல் நூல்களில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. கல்வித் துறையில் அது விளைத்த தீங்கு அத்துணை கவனத்தைப் பெறவில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். தலவாக்கலையிலிருந்து தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுள் ஒருவர். குடியுரிமையோடு வாக்குரிமையும் பறிபோனமையால் 1952 இல் இப்பிரதிநிதித்துவம் அற்றுப்போயிற்று. நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவு செய்யப்பட்ட 1977 ஆம் ஆண்டு வரை, தேர்தல் வழியாக ஒரு பிரதிநிதியை அனுப்பும் வலு மலையகத் தமிழருக்குக் கிடைக்கவில்லை.

இந்த இருபத்தைந்து ஆண்டுகளிலேயே இலங்கையின் கிராமங்களுக்கு மகா வித்தியாலயங்களும் விஞ்ஞான ஆய்வுகூடங்களும் வந்து சேர்ந்தன என்பது கருதத்தக்கது. ஒரு பாடசாலையைத் தரமுயர்த்துவது, ஆய்வுகூடம் அமைப்பது, விஞ்ஞான ஆசிரியரை நியமிப்பது ஆகிய அனைத்தும் தொகுதிப் பிரதிநிதியின் முயற்சியோடு பிணைந்த காரியங்கள். வாக்கில்லாதவரின் பாடசாலைக்காக வாதாட எவருக்கும் தேவை எழவில்லை. மேலும், அரச உத்தியோகம் குடிமக்களுக்கே உரியதாக்கப்பட்டமையால், நாடற்ற தந்தையொருவருக்குத் தன் பிள்ளையைப் பத்தாண்டு படிக்கவைப்பதன் பயன் என்னவென்பது விளங்காத புதிராயிற்று. 1964 இல் கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பிரித்தது. எந்த நாட்டில் வாழப்போகிறோம் என்பதே தெளிவற்ற குடும்பங்களில் உயர்கல்வி பற்றிய திட்டம் வேரூன்றுதல் கடினம்.

மொழிவாரித் தரப்படுத்தல்

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1950 இற் கொழும்பில் தொடங்கி 1964 இற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. ஹற்றனிலிருந்து பேராதனைக்குச் செல்லும் புகையிரதப் பயணம் சில மணி நேரமே. எனினும் அப்பீடத்துக்குள் நுழைந்த தமிழ் மாணவரிற் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தவர்களே.

1971 இல் மொழிவாரித் தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 400 க்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூலம் தோற்றியோர் 227 புள்ளிகளும் பெறவேண்டுமென வரையறுக்கப்பட்டது. இதனை யாழ்ப்பாண மாணவருக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே வரலாற்றாசிரியர் பெரிதும் விளக்குவர், அது பொருத்தமானதே. ஆயினும் இவ்விதியின் இன்னொரு பக்கமும் உண்டு. மொழியை மட்டும் அளவுகோலாகக் கொண்டமையால், நூற்றாண்டுப் பாரம்பரியமுடைய யாழ்ப்பாணக் கல்லூரிகளின் மாணவனும், பௌதிகவியல் ஆசிரியரையே கண்டிராத மஸ்கெலியா மாணவனும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டனர். பின்தங்கியோருக்குக் கைகொடுப்பதே தரப்படுத்தலின் நோக்கம் எனப்பட்டது. நாட்டிலேயே மிகப் பின்தங்கிய மாணவர் கூட்டத்திடமோ அது உயர்ந்த புள்ளியைக் கோரியது. விவாதம் சூடேறியிருந்த 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் உணவுத் தட்டுப்பாடு மிகுந்து பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அவ்விவாதத்தில் மலையகத்தின் குரல் கேளாமற் போனமைக்கு இது போதிய விளக்கமாகும்.

மாவட்ட ஒதுக்கீட்டின் கணக்கு

1974 இல் நடைமுறைக்கு வந்த மாவட்ட ஒதுக்கீடு இக்குறையைத் தீர்த்திருக்க வேண்டும். இடங்கள் மாவட்டத்தின் சனத்தொகைக்கேற்பப் பகிரப்பட்டன. நுவரெலியா மாவட்டச் சனத்தொகையில் தோட்ட மக்கள் பெரும்பங்கினர். 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் அம்மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோரே. ஆகவே மாவட்டத்துக்குரிய இடங்களின் தொகை அவர்களது தலைக்கணக்காலேயே உயர்ந்தது. ஆனால் அவ்விடங்களுக்குப் போட்டியிடக் கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் உயர்தரத்திற் கற்றிருத்தல் வேண்டும். தோட்டப் பாடசாலையில் அவ்வகுப்பு இல்லை. எண்ணிக்கையைத் தோட்டம் தர, அதன் பயனை ஆய்வுகூடமுடைய பாடசாலைகள் பெற்றன. தேர்தல் தொகுதி நிர்ணயத்திலும் இதே நிலையே காணப்பட்டது. வாக்கற்ற தோட்ட மக்களின் தொகை தொகுதிகளைப் பெருக்க, ஏனையோரின் பிரதிநிதித்துவமே வளர்ந்தது.

பிற்காலத்தில் 40 சதவீதம் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்ற பகிர்வு நிலைபெற்றது. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாக வகுக்கப்பட்டது. இதன் குறைந்த வெட்டுப்புள்ளியை நாடி வெளிமாவட்ட மாணவர் இங்கு வந்து பரீட்சைக்குத் தோற்றும் வழக்கமும் தலைதூக்கியது. மூன்றாண்டுகள் அம்மாவட்டப் பாடசாலையிற் கற்றிருக்க வேண்டும் என்னும் விதி இத்தகைய முயற்சிகளைக் கட்டுப்படுத்தும் நோக்குடையதாகும்.

1977 க்குப் பின்

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1977 இல் முழுமை பெறத் தொடங்கியது. 1980 களில் மலையக இளைஞர் பலர் ஆசிரியராக நியமனம் பெற்றனர். சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. கொட்டகலை, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மானிய உதவியுடன் உருவாகியது. 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமைச் சிக்கலைத் தீர்த்தன. ஆரம்பக் கல்வியில் இவற்றின் பயன் வெளிப்படை. உயர்தர விஞ்ஞானக் கல்வி மட்டும் பின்தங்கியே நின்றது. சாதாரண தரச் சித்தியோடு நியமனம் பெற்றவர் இணைந்த கணிதம் கற்பிக்க இயலாது. வடக்கிலிருந்து வந்து கற்பித்த ஆசிரியர் பலர் 1983 வன்செயலின் பின்னர் திரும்பிச் சென்றனர். இணைந்த கணிதம் கற்பிக்கப் பட்டதாரி வேண்டும். அப்பட்டதாரி மலையகத்திலிருந்து உருவாக உயர்தரக் கணித வகுப்பு வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றையொன்று எதிர்நோக்கியே பல ஆண்டுகள் கழிந்தன.

2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டபோதும் இதே அனுபவம் மீண்டது. தொழிற்கூடமும் கணினிக் கூடமும் அமைக்கத்தக்க பாடசாலைகளுக்கே அப்பிரிவு முதலிற் கிட்டியது. கணினியில் நிரலெழுதக் கற்பதாயினும், பொறியியற் பீடத்துக்கு விண்ணப்பிப்பதாயினும், வாய்ப்பு முதலில் வந்து சேர்வது நகரத்து 1ஏபி பாடசாலைக்கே.

முடிவு

அனுமதி விதியொன்றின் நீதியை, அது எவரை ஓரணியாகக் கணக்கிடுகிறது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். 1971 இன் விதி மொழியைக் கண்டது. 1974 இன் விதி மாவட்டத்தைக் கண்டது. லயத்துக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை இரண்டும் காணவில்லை. எனவே மலையக மாணவருக்கான சலுகையை வெட்டுப்புள்ளியில் மட்டும் தேடுவது போதாது. தோட்டங்கள் செறிந்த ஒவ்வொரு வலயத்திலும் கணித, விஞ்ஞான உயர்தர வகுப்பும், அங்கு நிலைத்திருந்து கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியரும், தொலைவிலிருந்து வரும் மாணவர் தங்குவதற்கு விடுதியும் அமைதல் வேண்டும். இத்தடைகளைத் தாண்டிப் பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் சென்ற மலையக மாணவர் உளர். தனிமனித விடாமுயற்சியாற் சிலர் கடந்த பாதையைப் பலரும் இயல்பாக நடந்து செல்லும் பாதையாக்குவது அரசினதும், கல்வி பெற்ற அச்சமூகத்தினதும் கடமையாகும்.