கோலும் சங்கிலியும்

1996-ஆம் ஆண்டில் சிங்கப்பெருமாள் கோவிலில் நான் ஒரு வீட்டுமனை வாங்கினேன். தாம்பரத்திற்குத் தெற்கே, செங்கற்பட்டுக்குச் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டிய ஊர் அது. குன்றைக் குடைந்து அமைத்த குகைக்கோயிலில் நரசிங்கப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். அவரை வலம்வர விரும்புவோர் அக்குன்றையே சுற்றிவர வேண்டும். நான் வாங்கிய மனையின் அகலம் 40 அடி, நீளம் 60 அடி, பரப்பு 2,400 சதுர அடி, ஆக ஒரு கிரவுண்டு என்று பத்திரம் கூறிற்று. வீடு கட்டத் தொடங்குமுன் அளந்து பார்த்தபோது அகலம் முப்பத்தெட்டரை அடியே இருந்தது. ஒன்றரை அடி எங்கே போயிற்று? இக்கேள்விக்கு விடை காணப் புகுந்தவன், ஆயிரம் ஆண்டுப் பழமைவரை சென்று திரும்பினேன். அந்தப் பயணத்தையே மாணவர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விழைகிறேன்.

முதலில் கிரவுண்டு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சொல் ஆங்கிலமாயினும் அளவு நம்முடையது. செங்கற்பட்டுச் சீமையில் 24 அடி நீளமுள்ள கோலால் நிலம் அளந்தனர். அக்கோலால் நான்கு புறமும் அளந்த சதுரம் ஒரு குழி. அதன் பரப்பு 576 சதுர அடி. நூறு குழி கொண்டது ஒரு காணி; அது 57,600 சதுர அடி. காணியை 24 கூறாக்கினால் ஒரு கூறு 2,400 சதுர அடி. அதுவே ஒரு மனை. இன்றைய கிரவுண்டும் அதுவே. உழவருடைய கோல் மறைந்து நெடுநாளாயிற்று. அதன் குழந்தை மட்டும் மனைத் தரகர் நாவில் இன்னும் வாழ்கிறது.

ஆனால் எல்லா ஊர்க்கும் ஒரே கோல் இருந்ததென்று எண்ணிவிடாதீர்கள். தஞ்சைச் சீமையில் ஒரு குழி 144 சதுர அடியே. அங்கே நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வேலி ஐந்து காணிக்குச் சமமாகும். பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் எனப் பலவகைக் கோல்களைக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. கோலின் நீளத்தைக் கோயிற் சுவரில் வெட்டிவைக்கும் வழக்கமும் இருந்தது. கோலைக் குறைத்துவிட்டதாகவோ கூட்டிவிட்டதாகவோ ஐயம் எழுந்தால், சுவரோடு வைத்து ஒப்பிடலாம் அல்லவா? மரக்கோல் தேயும், உடையும். கல்லிற் பொறித்த கோடு எளிதில் மாறாது.

முதலாம் இராசராச சோழன் ஏறத்தாழ 1001-ஆம் ஆண்டில் தன் நாட்டு நிலத்தை அளக்கச் செய்தான். அப்பணியை முன்னின்று நடத்திய படைத்தலைவன் உலகளந்தான் என்னும் பட்டம் பெற்றான். பின்னர் முதற் குலோத்துங்கன் 1086-இல் மீண்டும் அளப்பித்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலங்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்த டூம்ஸ்டே ஏடு தோன்றியதும் அதே 1086-இல்தான். இரு மன்னரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. வரி வேண்டியவர்க்கு அளவும் வேண்டியிருந்தது, அவ்வளவே.

சோழர் அளவையைப் பற்றி நம்மவர் பெருமையாகச் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. ஒரு வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்குவரை அவர்கள் நிலத்தைக் கணக்கிட்டனர் என்பது அது. செய்தி மெய்யே. ஆனால் எந்தக் கோலும் அத்துணைச் சிறிய நிலத்தை அளக்க இயலாது. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. அதையும் 320 ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி. இப்படி மேலும் மேலும் பகுத்துச் சென்ற கணக்கரின் எழுத்தாணியே அச்சிறுமையை எட்டியது. அளப்பவனின் துல்லியம் வேறு, கணக்கனின் துல்லியம் வேறு. என் பத்திரத்தில் 2,400 என்று சுழியம் பிசகாமல் எழுதியிருந்ததும் கணக்கனின் துல்லியமே என்பதைப் பின்னால் உணர்ந்தேன்.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி 1763-இல் செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். கைக்கு வந்த நாட்டில் என்ன இருக்கிறதென்று கம்பெனியார்க்குத் தெரியாது. ஆகவே தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை ஆராய்ந்தார். ஊருக்கு எத்தனை காணி, அவற்றில் ஏரி எவ்வளவு, காடு எவ்வளவு, நன்செய் புன்செய் எவ்வளவு, வீடும் புழைக்கடையும் எவ்வளவு, எந்தத் தொழிலார்க்கு எத்தனை வீடு என்றெல்லாம் பதிவாயிற்று. இவ்வளவும் ஒரு வெள்ளைக்காரர் தாமே அறிந்து எழுதியவை அல்ல. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிய கணக்குகளே அதற்கு அடிப்படை. அவ்வோலைகளிற் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகள் 2001-இல் நூலாகவும் வெளிவந்தன. பர்னார்டின் பெயரை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஓலை எழுதிய கைகளின் பெயர்களையும் நம் கல்லூரி மாணவர் தேடிப் படித்தல் நன்று.

ஊர் ஊராக அளந்தவற்றை ஒன்றாகப் பொருத்தினால் படம் பொருந்துமா? பொருந்தாது. ஒவ்வோர் அளவிலும் நேர்ந்த சிறுபிழை அடுத்ததோடு கூடிக்கொண்டே போகும். இதற்கு மாற்றுக் கண்ட பெரும்பணி நமக்கு வடக்கே பரங்கிமலையில் தொடங்கிற்று. மின்ரயிலில் அந்நிலையத்தைக் கடக்கும் மாணவர் ஒருமுறையேனும் மலையை நிமிர்ந்து பார்க்க வேண்டும். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்பார், அம்மலையின் அருகே தொடங்கித் தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றை நோக்கி ஓர் அடிக்கோட்டை அளக்கலானார். அவர் கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதைத் தரையிற் கிடத்தாமல், தாங்கிகளின்மேல் வைத்த மரப்பெட்டிகளுள் நீட்டினர். வெயிலில் எஃகு நீளுமாதலால் வெப்பமானி வைத்து ஒவ்வொரு முறையும் திருத்தம் செய்தனர். ஏழரை மைல் தொலைவை, சங்கிலியை ஏறத்தாழ 400 முறை நீட்டி அளக்க மே மாத இறுதி ஆயிற்று. சித்திரை வைகாசி வெயிலில் அங்கே நின்று சங்கிலி சுமந்தவர்கள் நம்மவர்களே.

ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிடலாம் என்று வகுப்பில் படித்திருக்கிறீர்கள். அந்த ஒரு பக்கத்தையே அவர் அளந்தார். பிறகு மலையுச்சிகளையும் கோபுரங்களையும் கோணத்தால் இணைத்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாடு முழுவதும் வலை பின்னலாயினார். கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட்டு அரை டன் எடையுள்ளது. இங்கிலாந்திலிருந்து அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டு சென்று, பின்பு பெருந்தன்மையுடன் திருப்பியனுப்பினர். 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி மோதிச் சிதைந்தது. இராசராசன் தான் அளந்தளித்த நிலங்களைக் கல்லிற் பொறித்த அதே கோயில்! லாம்டன் ஆறு வாரம் உடனிருந்து கருவியைச் செப்பனிட்டார். 1823-இல் அவர் மறைந்தபின் ஜார்ஜ் எவரெஸ்ட் இமயத்தின் அடிவரை அப்பணியைக் கொண்டு சென்றார்.

இதிலிருந்து அளவையாளர் கற்ற விதி இது: முழுமையை முதலில் அளந்து கட்டு, பிறகு பகுதிகளுக்குப் போ. 1858-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய வருவாய் நில அளவையும் இவ்விதியைத் தழுவியது. ஊரெல்லை தியோடலைட்டினாலும், உள்ளிருக்கும் புலங்கள் சங்கிலியாலும் அளக்கப்பட்டன. 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடைய அச்சங்கிலியை 1620-இல் வகுத்தவர் எட்மண்டு கண்டர் என்ற ஆங்கிலேயர். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். சிறுவனாயிருந்தபோது எங்கள் வயலில் அச்சங்கிலி கலகலவென்று இழுபடும் ஓசையைக் கேட்டிருக்கிறேன். முனையைப் பிடித்துக்கொள்ளச் சர்வேயர் என்னை ஏவினார். தொய்யவிடாதே, தம்பி, என்று அவர் அதட்டியது இன்றும் காதில் ஒலிக்கிறது.

கட்டடங்களை அளப்பதிலோ வேறுவகை வழக்கு. எங்கள் ஊர்ப் பெருஞ்சாலையில் கடை வாடகைக்கு எடுப்பவர் சுவருக்கு உள்ளே அளப்பார். கொடுப்பவர் சுவரையும் சேர்த்து அளப்பார். இருவர் நாடாவும் சரியே, கணக்கு ஒன்றாகாது. 2016-ஆம் ஆண்டின் நிலைச்சொத்துச் சட்டம் தரைப்பரப்பு என்பதை வரையறுத்து, புறச்சுவரை நீக்கி, உட்பிரிவுச் சுவரைச் சேர்த்துக்கொண்டது.

என் மனைக்குத் திரும்புகிறேன். நில அளவர் ஒருவர் மனுவின்பேரில் வந்தார். அவர் என் மனையை முதலில் அளக்கவில்லை. அது எனக்குச் சற்று வருத்தமாகவும் இருந்தது. புலப்படத்தை விரித்து, சர்வே கற்களைத் தேடிப் பிடித்து, பன்னிரண்டு மனைகள் அடங்கிய வரிசை முழுவதையும் அளந்தார். 480 அடி, பிசகில்லை. பிறகு ஒவ்வொரு மனையாக அளந்தார். முதல் மனை 40 அடி ஒன்றரை அங்குலம். அடுத்தது 40 அடி இரண்டு அங்குலம். இப்படியே பதினொரு மனைகளும் ஓரிரு அங்குலம் கூடியிருந்தன. மனைப்பிரிவு போட்டவர்கள் நைந்து நீண்டுபோன துணி நாடாவால் ஒரு முனையிலிருந்து அளந்துகொண்டே வந்திருக்கிறார்கள். பதினோரு பேர்க்குக் கூடிய அங்குலங்கள் சேர்ந்து பன்னிரண்டாமவனுக்கு ஒன்றரை அடியாகக் குறைந்தன. பன்னிரண்டாமவன் நான்.

அண்டை வீட்டார் திருடரல்லர். அவர்கள் ஊன்றியிருந்த கல்லை நம்பிச் சுவர் எழுப்பியவர்கள். விற்றவரை அணுகினேன். நான்கெல்லைக்குட்பட்டது எவ்வளவோ அவ்வளவே விற்றேன், சார், என்றார். பத்திரத்தில் எல்லையும் பரப்பும் முரண்பட்டால் எல்லையே பொதுவாக நிற்கும் என்று வழக்கறிஞரும் சொன்னார். பதினோரு வீட்டார்மீதும் வழக்குத் தொடுப்பதா என்று மனைவி கேட்டாள். தொடுக்கவில்லை. வரைபடத்தைத் திருத்தி, முன்னறையை ஒன்றரை அடி சுருக்கிக் கட்டினேன்.

ஓய்வு பெறுமுன் ஒரு சனிக்கிழமை, ஒன்பதாம் வகுப்பு மாணவர் சிலரை எஃகு நாடாவுடன் அத்தெருவுக்கு அழைத்துச் சென்றேன். பன்னிரண்டு மனைகளையும் அளந்து கூட்டச் சொன்னேன். 480 அடி வந்ததும், அப்படியானால் தப்பு யாருடையது, சார், என்று ஒருவன் கேட்டான். மற்றொருவன் ஏதும் பேசாமல் என் வாயிலருகே மண்ணைக் கிளறி, புதைந்திருந்த சர்வே கல்லின் தலையை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான். என் பத்திரத்தில் இன்றும் 2,400 சதுர அடி என்றே இருக்கிறது. தரையில் 2,310.