சிங்கப்பூரின் அயலுறவுப் பணியில் தமிழர்

இன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நிலப்பரப்பே கொண்டிருந்த சிங்கப்பூர், 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடானபோது, அயலுறவு அமைச்சையே புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. அப்பொறுப்பு, யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915-இல் பிறந்து மலாயாவில் வளர்ந்த பத்திரிகையாளர் எஸ். இராசரத்தினத்திடம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று, மாலத்தீவு சேர்ந்த அதே நாளில், சிங்கப்பூரும் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினரானது. 1967-இல் ஆசியான் அமைப்பைத் தோற்றுவித்த பாங்காக் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஐவரில் இராசரத்தினமும் ஒருவர்.

சிறிய நாடு எல்லாத் தலைநகரங்களிலும் தூதரகம் வைத்து நடத்த இயலாது என்பதால், ஒரே தூதர் பல இடங்களுக்கு உடன்பொறுப்பு ஏற்பது வழக்கம். சட்டம் கற்பித்துவந்த எஸ். ஜெயக்குமார் 1971 முதல் 1974 வரை ஐ.நா.வுக்கான நிரந்தரப் பிரதிநிதியாக, அதாவது அந்த அவைக்கே அனுப்பப்பட்ட தூதராகப் பணியாற்றியபோது, கனடாவுக்கான உயர் ஆணையர் (காமன்வெல்த் நாடுகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் தூதர்) பதவியையும் சேர்த்தே வகித்தார். பின்னர் ஐ.நா. கடற்சட்ட மாநாட்டிலும் அவர் பங்கேற்றார். நீரிணைகளின் வழியே கப்பல்கள் தடையின்றிச் செல்லும் கடப்புரிமை, துறைமுகத்தை நம்பி வாழும் சிங்கப்பூருக்கு உயிர்நிலையாக இருந்தது. அம்மாநாட்டுக்கு முதலில் இலங்கையின் ஷெர்லி அமரசிங்கவும், 1980-இல் அவர் மறைந்தபின் சிங்கப்பூரின் டாமி கோவும் தலைமை ஏற்றதைப் பார்த்தால், பெருங்கடலின் சட்டத்தை வகுத்ததில் தீவு நாட்டவரின் பங்கு அவர்களுடைய படைபலத்துக்குச் சற்றும் தொடர்பற்றது என்பது புலப்படும்.

பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான எஸ். ஆர். நாதன் 1990 முதல் 1996 வரை வாஷிங்டனில் தூதராக இருந்தார். 1994-இல் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளைஞருக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் விதித்த பிரம்படித் தண்டனை அங்கே பெரும் சர்ச்சையானபோது, தம் நாட்டின் நிலையை விளக்கும் சுமை அவர்மீது விழுந்தது.

சிறுநாட்டுத் தூதாண்மை எந்த அளவுக்குக் காகிதங்களை நம்பி நிற்கிறது என்பதற்கு பெட்ரா பிராங்கா என்ற பாறைத்தீவு குறித்த வழக்கே நல்ல சான்று. ஏறத்தாழ 137 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாறையில், பிரித்தானியர் 1851-இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. மலேசியா 1979-இல் வெளியிட்ட வரைபடத்தில் அதைத் தன் எல்லைக்குள் காட்டியதால் எழுந்த தகராறு ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2007-இல் அங்கே வாதாடிய சிங்கப்பூர்க் குழுவில், அப்போது துணைப் பிரதமராக இருந்த ஜெயக்குமாரும் இடம்பெற்றார். பாறை யாருக்குரியது என்று சிங்கப்பூரின் காலனி நிர்வாகம் 1953 ஜூனில் கேட்டெழுதியதற்கு, அதன்மேல் தமக்கு உரிமைக்கோரிக்கை இல்லை என, இன்று மலேசிய மாநிலமாக உள்ள ஜொகூர் அரசின் தற்காலிகச் செயலர் அவ்வாண்டு செப்டம்பரில் அனுப்பிய சுருக்கமான பதிலுக்கு நீதிபதிகள் பெரும் மதிப்பு அளித்தனர். 2008 மே 23 அன்று 12-க்கு 4 என்ற பெரும்பான்மையில் பாறை சிங்கப்பூருக்கு உரியதென்றும், அருகிலுள்ள மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு உரியதென்றும் தீர்ப்பாயிற்று. 2017-இல் மறுஆய்வு கோரிய மலேசியா, மறு ஆண்டே அந்த மனுவைக் கைவிட்டது.